ஓட்டு, சாசனம், நம்ம குமரி மாவட்டம்: டீக்கடையில அடிக்கடி வாற கேள்விகள்

முதல்லயே சொல்லிருதேன், நான் வக்கீலும் இல்ல வாத்தியாரும் இல்ல. மார்த்தாண்டம் பக்கத்துல ஒரு பூத்துல நாலு எலக்ஷனுக்கு ஏஜெண்டா உக்காந்தவன், அவ்வளவுதான். இப்பம் எந்த கட்சியிலயும் இல்ல, அதனால ரெண்டு பக்கமும் திட்டு வாங்குதேன். எலக்ஷன் வந்தா டீக்கடையில ஆளு ஆளுக்கு வந்து கேக்குற கேள்வியெல்லாம் ஒண்ணுதான், ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியா சொல்லி தொண்டை காஞ்சு போச்சு, அதான் ஒரேயடியா எழுதிப் போட்டுருதேன். கேள்விய அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

அண்ணே, அரசியல் சாசனம்னா என்ன, அதுவும் ஒரு சட்டப் புக்குதானே?

புக்குதான். ஆனா மத்த சட்டம் எல்லாம் நம்ம என்ன செய்யணும்னு சொல்லும், இது கவர்மெண்ட் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாதுன்னு சொல்லும். 1949 நவம்பர் 26-ல ஏத்துக்கிட்டாங்க, 1950 ஜனவரி 26-ல அமலுக்கு வந்துச்சு.

இத வெளிநாட்டு உதாரணம் வச்செல்லாம் விளக்க வேண்டாம், நம்ம ஊரு கதையே போதும். இங்க ராஜா ஆட்சி. 1859-ல தோள்சீலை விஷயத்துல திருவிதாங்கூர் அரசு ஒரு விளம்பரம் போட்டுச்சு, நாடார் பெண்கள் மேல்துணி போட்டுக்கிடலாம், ஆனா மேல்ஜாதி பெண்கள் போடுற மாதிரி போடக்கூடாதுன்னு. எத்தனை வருஷம் அடி வாங்கி போராடினதுக்கு கிடைச்சது இவ்வளவு, அதுலயும் ஒரு ‘ஆனா’. அப்புறம் 1936 நவம்பர் 12-ல கோயில் நுழைவு அறிவிப்பு வந்துச்சு, அதுக்கு முன்னால 1926-லயே சுசீந்திரத்துல சத்தியாகிரகம் பண்ணியிருக்காங்க. 1936 அறிவிப்பு பெரிய விஷயம்தான், நான் குறைச்சு சொல்லல. ஆனா ரெண்டுமே மேல இருந்து கீழ குடுத்தது. குடுத்த கை நாளைக்கு திரும்ப எடுத்தா கேக்க வழி கிடையாது. சாசனத்துல 17-வது பிரிவு தீண்டாமைய ஒழிச்சாச்சுன்னு சொல்லுது, அதுல ‘ஆனா’ கிடையாது, யாருக்க தயவும் வேண்டாம், கோர்ட்டுக்கு போயி கேக்கலாம். ராஜா விளம்பரத்துக்கும் சாசனத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஓட்டும் இதே கதைதான். திருவிதாங்கூர்ல 1888-லயே சட்டசபை வந்துச்சு, சமஸ்தானங்கள்ல அதுதான் முதல்ல. ஆனா சாதாரண ஆளுக்கு அதுல இடமில்ல, பின்னால ஓட்டுன்னு வந்தப்பவும் வரி கட்டுறவன், சொத்து உள்ளவனுக்குதான். பனை ஏறினவனுக்கும் வள்ளம் தள்ளினவனுக்கும் ஓட்டு வர 1948 ஆச்சு. பொறவு சாசனத்துல 326-வது பிரிவு நாடு முழுக்க வயசு வந்த எல்லாருக்கும்னு எழுதி வச்சுட்டு. அப்பம் 21 வயசு, 61-வது திருத்தத்துல 18 ஆச்சு, 1989-ல இருந்து நடைமுறை.

திருவிதாங்கூர்-கொச்சியில இருந்த நம்ம மாவட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது ஓட்டெடுப்பு வச்சா?

இல்ல. நிறைய பேரு அப்பிடித்தான் நெனச்சிட்டு இருக்காங்க. மாநிலத்துக்க எல்லைய மாத்துற அதிகாரம் சாசனத்துல 3-வது பிரிவு படி பார்லிமெண்டுக்குதான். மாநில சட்டசபைகிட்ட கருத்து கேப்பாங்க, கருத்துதான், சம்மதம் இல்ல. அந்த வழியில 1956-ல மாநில மறுசீரமைப்பு சட்டம் போட்டு அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் நவம்பர் 1-ல சென்னை மாநிலத்தோட சேந்துச்சு.

அதுக்காக தேர்தலுக்கு அதுல பங்கே இல்லன்னு சொல்ல முடியாது. மார்ஷல் நேசமணி ஆளுங்க, தமிழ்நாட்டோட சேக்கணும்னு, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ்ங்கிற பேருல தனியா நின்னு இந்த தாலுகாக்கள்ல ஜெயிச்சு காட்டினாங்க, ஜனங்க என்ன நெனைக்காங்கன்னு டெல்லிக்கு தெரிய அதவிட வேற சாட்சி வேண்டாம். 1954 ஆகஸ்ட் 11-ல புதுக்கடையிலயும் தொடுவெட்டியிலயும், அதாவது இப்ப உள்ள மார்த்தாண்டத்துல, போலீஸ் சுட்டு ஆளுங்க செத்தாங்க. தேவிகுளம் பீர்மேடு கேட்டோம், கிடைக்கல. நெய்யாற்றின்கரையும் அங்கயே நின்னு போச்சு. தெருவுல போராட்டம், பெட்டியில ஓட்டு, கடைசில பார்லிமெண்ட்ல சட்டம், இந்த மூணும் சேந்து வந்த மாவட்டம் இது.

தேர்தல் கமிஷன் யாருக்க ஆளு?

சாசனப்படி யாருக்க ஆளும் இல்ல. 324-வது பிரிவு. குடியரசு ஆகுறதுக்கு ஒரு நாள் முன்னால, 1950 ஜனவரி 25-லயே கமிஷன் வந்தாச்சு. தலைமைத் தேர்தல் ஆணையர லேசுல வீட்டுக்கு அனுப்ப முடியாது, சுப்ரீம் கோர்ட்டு ஜட்ஜ நீக்குற அதே கஷ்டமான வழிதான். உள்ள வச்சுட்டா தூக்க முடியாது, சரி, யாரு உள்ள வைக்காங்கங்கதுதான் கேள்வி. 2023 மார்ச்ல சுப்ரீம் கோர்ட்டு, பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி மூணு பேரும் சேந்து தேர்ந்தெடுக்கணும், பார்லிமெண்ட் சட்டம் போடுற வரைக்கும்னு சொல்லுச்சு. அதே வருஷம் டிசம்பர்ல சட்டம் போட்டாங்க, தலைமை நீதிபதிக்கு பதிலா ஒரு மத்திய மந்திரி. மூணுல ரெண்டு ஆளுங்கட்சி. கபடி மேட்சுக்கு ரெஃப்ரிய ஒரு டீமே தேர்ந்தெடுக்கிற மாதிரிதான் எனக்கு தோணுது, நல்ல ரெஃப்ரியாவே இருந்தாலும் தோத்தவன் நம்ப மாட்டான்.

இன்னொண்ணு, பஞ்சாயத்து எலக்ஷன இந்த கமிஷன் நடத்தாது. அதுக்கு மாநில தேர்தல் ஆணையம்னு தனியா ஒண்ணு உண்டு.

எனக்க கையில வோட்டர் ஐடி இருக்கு, லிஸ்ட்ல பேரு இல்லங்கான். அதெப்பிடி?

ஒவ்வொரு எலக்ஷனுக்கும் பூத்து வாசல்ல இந்த சண்டை உண்டு. கார்டு நீ யாருன்னு காட்டுறதுக்கு மட்டும்தான். ஓட்டு போட லிஸ்ட்ல பேரு இருக்கணும். கார்டு இல்லாட்டி ஆதார், பாஸ்போர்ட், லைசன்ஸ்னு எதையாவது காட்டி போட்டுரலாம், பேரு இல்லாட்டி கலெக்டரே கூட வந்தாலும் நடக்காது.

அதனால எலக்ஷன் அறிவிக்கிற வரைக்கும் காத்திருக்காம இப்பமே பாத்து வைங்க. புதுசா சேக்க ஃபார்ம் 6, வீடு மாறினா இல்ல எழுத்துப்பிழை திருத்த ஃபார்ம் 8, செத்தவங்க பேர எடுக்க ஃபார்ம் 7. முன்னெல்லாம் ஜனவரி 1-ல 18 ஆகியிருக்கணும், இப்பம் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர்னு நாலு முதல் தேதி கணக்கு. 2025 நவம்பர்ல சிறப்பு தீவிர திருத்தம்னு வீடு வீடா ஃபார்ம் கொண்டு வந்தாங்கள்ல, அத அலமாரியில வச்சுட்டு மறந்தவங்க எங்க தெருவுலயே உண்டு, பொறவு வரைவு லிஸ்ட் வந்தப்பம் வாயிலயும் வயித்துலயும் அடிச்சிட்டு ஓடினாங்க.

லிஸ்ட்டுங்கது அலட்சியமான விஷயம் இல்ல மக்கா. 1951–52 முதல் பொதுத்தேர்தல்ல சுகுமார் சென்னுதான் தலைமைத் தேர்தல் ஆணையர். வடக்க பல இடத்துல பெண்கள் சொந்தப் பேர சொல்ல மாட்டேன்னுட்டாங்க, இன்னாருக்க பொண்டாட்டி இன்னாருக்க அம்மைன்னுதான் சொல்லியிருக்காங்க. அப்பிடி எழுத முடியாதுன்னு சுமார் 28 லட்சம் பெண்கள் பேர லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டாரு. கடுமைதான். ஆனா அதுக்கு அடுத்த எலக்ஷன்ல பேர சொல்ல பழகிட்டாங்க.

மாமா, எனக்கு களியக்காவிளையிலயும் ஓட்டு உண்டு, கேரளத்து பாறசாலையில அம்மை வீட்டுலயும் ஓட்டு உண்டு. ரெண்டும் போடலாமா?

போடக்கூடாது, வச்சிருக்கவே கூடாது. 1950 மக்கள் பிரதிநிதித்துவ சட்டத்துல ஒரு ஆளுக்கு ஒரு இடத்துலதான்னு தெளிவா இருக்கு, பொய்யா எழுதிக் குடுத்தா ஒரு வருஷம் வரை ஜெயில். பார்டர்ல இது சாதாரணம்னு எல்லாருக்கும் தெரியும், 2024-ல இங்க ஏப்ரல் 19, கேரளத்துல ஏப்ரல் 26, இடையில ஒரு வாரம். விரல்ல வச்ச மை சில்வர் நைட்ரேட், மைசூர்ல செய்யுது, ஒரு வாரத்துல எல்லாம் போகாது. அதையும் அழிக்க மருந்து சொல்லித் தாற ஆளு நம்ம ஊர்ல உண்டு. அவனுக்க பேச்ச கேக்காத.

தூத்தூர்ல இருந்து ஆழ்கடல்ல தங்கி மீன் பிடிக்க, அதான் தங்கலுக்கு, போனா ஒரு மாசம் கழிச்சுதான் கரை. எங்களுக்கு தபால் ஓட்டு கிடையாதா?

கிடையாது, எனக்கும் வயித்தெரிச்சல் உள்ள விஷயம் இது. பட்டாளத்துக்காரன், எலக்ஷன் டூட்டிக்கு போறவன் தபால்ல போடலாம். 85 வயசு தாண்டினவங்க, 40 சதவீதமோ அதுக்கு மேலயோ ஊனம் உள்ளவங்க ஃபார்ம் 12டி குடுத்தா வீட்டுக்கே பெட்டி கொண்டு வருவாங்க. ஆழ்கடலுக்கு போறவனுக்கு அப்பிடி ஒண்ணும் இல்ல. சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை பக்கம் ஆம்பிளைங்க பாதி கடல்ல இருக்கும்போது எலக்ஷன் நடந்தா அந்த பூத்துல பெண்கள் வரிசைதான் நீளமா நிக்கும். 2017 ஒக்கி புயல் வந்தப்பம் கடல்ல எத்தனை பேரு இருக்காங்கன்னே கரையில யாருக்கும் சரியா கணக்கு தெரியல. எண்ணவே தெரியாதவனுக்கு ஓட்டு எப்பிடி வரும்னு அன்னைக்கே ஒரு பெரியவர் கேட்டாரு.

கல்ஃப்ல இருக்கிறவங்களுக்கும் இதேதான். ஃபார்ம் 6ஏ குடுத்து வெளிநாட்டு வாக்காளரா பேரு சேக்கலாம், ஆனா பாஸ்போர்ட்டோட ஊருக்கு வந்து நேர்ல போடணும். டிக்கெட் விலைய பாத்துட்டு யாரு வருவா.

மெஷின நம்பலாமா? உள்ள இருந்தவர் நீரு, சொல்லும்.

உள்ள இருந்து பாத்தத சொல்லுதேன், முடிவ நீங்க எடுத்துக்கோங்க.

காலையில அஞ்சரைக்கு பூத்துல இருக்கணும். ஓட்டுப்பதிவு ஏழு மணிக்குதான், அதுக்கு முன்னால மாதிரி வாக்குப்பதிவு. ஏஜெண்டுங்க முன்னால குறைஞ்சது 50 ஓட்டு போட்டு, ஒவ்வொரு சின்னத்துக்கும் எத்தனை போட்டோம்னு பேப்பர்ல குறிச்சு வச்சு, மெஷின்ல எண்ணிப் பாத்து, விவிபேட், அதாவது யாருக்கு ஓட்டு விழுந்துச்சுன்னு சீட்டு அடிக்கிற பெட்டி, அந்த சீட்டையும் எண்ணி, சரியா வந்த பொறவு எல்லாத்தையும் அழிச்சு சீல் வைப்பாங்க. அந்த சீல்ல நம்மளும் கையெழுத்து போடணும். தூக்கக் கலக்கத்துல எவனும் கவனமா பாக்கமாட்டான், அது மெஷினுக்க குத்தம் இல்ல.

பொறவு முதல் அலுவலர் பேர சத்தமா வாசிப்பாரு, அது நமக்காகத்தான், ஆள் மாறி வந்திருந்தா ஏஜெண்டு சொல்லலாம். ரெண்டு ரூபா கட்டி ஆட்சேபம் பண்ணணும், ஆமா ரெண்டே ரூபா, இன்னைக்கும் அதுதான் ரேட். ஆட்சேபம் சும்மா கிளப்பிவிட்டதுன்னு தெரிஞ்சா அந்த ரெண்டு ரூபாயும் போச்சு. அடுத்தாளு மை வச்சு ரிஜிஸ்டர்ல கையெழுத்து வாங்குவாரு. மூணாவது ஆளு பட்டன அழுத்தினாத்தான் உள்ள மெஷின் ஒரு ஓட்டுக்கு திறக்கும். நீங்க அமுக்கினதும் ‘பீ’ன்னு சத்தம், விவிபேட்ல ஏழு செகண்ட் சீட்டு தெரியும், அறுந்து கீழ விழும். சாயங்காலம் முடிஞ்சதும் மொத்தம் எத்தனைன்னு 17சி ஃபார்ம்ல எழுதி நமக்கு ஒரு காப்பி தருவாங்க. நாகர்கோவில் கோணத்துல ஓட்டு எண்ணும்போது அந்த பூத்து மெஷின்ல அதே எண்ணிக்கை வரணும். எனக்கு மெஷின விட இந்த பேப்பர் மேலதான் நம்பிக்கை, ஆனா பாதி ஏஜெண்டு அத வாங்காமலே பிரியாணிக்கு போயிருவான்.

இந்த மெஷினுக்கும் ஒரு பழைய கதை உண்டு. முதல்ல வச்சது 1982-ல கேரளத்துல பறவூர் தொகுதியில, சில பூத்துல மட்டும். தோத்தவர் கேஸ் போட்டாரு. சுப்ரீம் கோர்ட்டு 1984-ல, மெஷின் நல்லதா கெட்டதாங்கது இருக்கட்டும், சட்டத்துல வாக்குச்சீட்டுன்னுதானே இருக்கு, மெஷின்னு இல்லையேன்னு சொல்லி அந்த பூத்துல எல்லாம் மறுபடி சீட்டுல நடத்தச் சொல்லுச்சு. மறு ஓட்டுல ரிசல்ட்டே மாறிப் போச்சு. பொறவு சட்டத்த திருத்தி, 2004-ல நாடு முழுக்க மெஷின். இப்பம் ஒரு சட்டசபை தொகுதிக்கு அஞ்சு விவிபேட் சீட்ட எண்ணிப் பாக்காங்க. எல்லாத்தையும் எண்ணணும்னு போட்ட கேஸ 2024 ஏப்ரல்ல தள்ளிட்டாங்க, ஆனா ரெண்டாவது மூணாவது வந்தவர் பணம் கட்டினா அஞ்சு சதவீத மெஷின சோதிச்சுப் பாக்கலாம்னு வழி வச்சாங்க. எல்லா சீட்டையும் எண்ணினா ரிசல்ட் வர லேட் ஆகும். லேட்டானா என்ன கெட்டுப் போச்சுங்கது எனக்க கட்சி.

எனக்க ஓட்ட வேற எவனோ போட்டுட்டான். வீட்டுக்கு போயிர வேண்டியதுதானா?

போகாதீங்க. எனக்க சித்திக்கு இதே நடந்துச்சு, அதுவும் நான் ஏஜெண்டா இருந்த பூத்துலயே. பதினொரு மணிக்கு வந்து நிக்காங்க, பேருல ஏற்கெனவே கோடு போட்டாச்சு, ஓட்டு ஆயிடுச்சுங்காங்க. சித்தி விரல தூக்கி காட்டுதாங்க, மை இல்ல. லிஸ்ட்ல அடுத்தடுத்த ரெண்டு வரியில ஒரே பேரு, காலையில வந்த அந்த இன்னொரு அம்மாவுக்கு சித்திக்க வரியில கோடு போட்டிருக்கணும், இல்ல வேற என்னமோ. அந்நேரம் பாத்து நான் மாத்து ஆள உக்கார வச்சுட்டு டீ குடிக்க போயிருந்தேன். இன்னைக்கு வரைக்கும் சித்தி அத சொல்லிக் காட்டுவாங்க.

பூத்து அதிகாரி, ஒண்ணும் செய்ய முடியாதும்மா, போயிட்டு வாங்கன்னாரு. மோசமான மனுசன் இல்ல, தெரியாது, அவ்வளவுதான். நான் சார், விதி 49P, கைப்புத்தகத்துல பாருங்கன்னேன். பாத்தாரு. அந்த மாதிரி வந்தா ஆளு சரியான ஆளுதானான்னு கேட்டு உறுதி பண்ணிட்டு, மெஷின்ல இல்ல, தனியா ஒரு வாக்குச்சீட்டு குடுக்கணும். பின்னால ‘டெண்டர்டு’ன்னு எழுதியிருக்கும். சித்தி மறைவுக்கு போயி அந்த அம்புக்குறி ரப்பர் ஸ்டாம்ப குத்தி, மடிச்சு கொண்டு வந்து குடுத்தாங்க, அவரு ஒரு கவர்ல போட்டு வச்சாரு.

இதுல ஒரு கசப்பு உண்டு, சொல்லாம விடக்கூடாது. அந்த ஓட்ட சாதாரணமா எண்ண மாட்டாங்க. ரிசல்ட்ட எதிர்த்து கேஸ் போயி கோர்ட்டு கேட்டாத்தான் அந்த கவருக்கு வேலை. வித்தியாசம் ஆயிரக்கணக்குல இருந்தா யாரு கேப்பா. சித்திகிட்ட நான் அத அன்னைக்கு சொல்லல.

நோட்டா ஜெயிச்சா மறு எலக்ஷனா?

எம்.பி., எம்.எல்.ஏ. எலக்ஷன்ல அப்பிடி கிடையாது. 2013 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லி வந்த பட்டன் அது, நோட்டாவுக்கு முதல் இடம் வந்தாலும் அடுத்து உள்ள ஆளு ஜெயிச்சவருதான். பிடிக்கலன்னு சொல்லலாம், தடுக்க முடியாது.

பாதி பேரு வேண்டாம்னு சொன்ன ஆளு எப்பிடி ஜெயிக்கான்?

ஏன்னா நம்ம முறையில பாதி வேண்டாம், பக்கத்துல உள்ளவன விட ஒண்ணு கூட இருந்தா போதும். 2014-ல நம்ம கன்னியாகுமரி தொகுதிய பாருங்க, பா.ஜ., காங்கிரஸ், அ.தி.மு.க., தி.மு.க. எல்லாம் தனித்தனியா நின்னாங்க. பொன்.ராதாகிருஷ்ணன் ஜெயிச்சாரு, பதிவான ஓட்டுல பாதி கூட இல்ல. அதுல தப்பு எதுவும் இல்ல, விதி அப்பிடி. 2019-ல எதிர்ப்பக்கம் ஒண்ணா சேந்ததும் வசந்தகுமார் வந்தாரு. நம்ம ஊர்ல கொள்கைய விட கூட்டணி முக்கியமா தெரியுறது இந்த கணக்காலதான், சும்மா அரசியல்வாதிய மட்டும் திட்டி புண்ணியமில்ல. சில நாட்டுல வாங்கின சதவீதத்துக்கு ஏத்த மாதிரி சீட்டு குடுப்பாங்க, அங்க எவனுக்கும் மெஜாரிட்டி வராம மாசக்கணக்கா கவர்மெண்டே இல்லாம இழுக்கும். ரெண்டுலயும் கஷ்டம் உண்டு.

ஒரு ஓட்டுல என்ன ஆகப்போகுதுன்னு சொல்றவனுக்கு, நமக்கு அடுத்தாப்ல உள்ள ராதாபுரத்துல 2016-ல வித்தியாசம் 49 ஓட்டு. ஒரே ஒரு பஸ்ஸுல ஏறுற ஜனம். ராஜஸ்தான்ல 2008-ல நாத்துவாரா தொகுதியில சி.பி.ஜோஷி ஒரே ஓட்டுல தோத்தாரு. சமமா வந்தா குலுக்கல்தான்.

டெபாசிட் போச்சுன்னா என்னன்னு பிள்ளைங்க கேக்குதாங்க. எம்.பி.க்கு 25,000, எம்.எல்.ஏ.க்கு 10,000 கட்டணும், பட்டியல் சாதி, பழங்குடி ஆளுங்களுக்கு பாதி. செல்லுபடியான ஓட்டுல ஆறுல ஒரு பங்கு கிடைக்காட்டி திரும்ப வராது. முன்ன வெறும் 250 ரூபாதான் எம்.எல்.ஏ.க்கு. 1996-ல மொடக்குறிச்சியில 1,033 பேரு நின்னு வாக்குச்சீட்டே புக்கு கனத்துல வந்துச்சு.

ஜெயிச்ச ஆளு இறந்தா, இல்ல கட்சி மாறினா?

இடைத்தேர்தல். நம்ம மாவட்டத்துக்கு இது புதுசு இல்ல. 1967-ல விருதுநகர்ல தோத்த காமராசர், நேசமணி இறந்த பொறவு 1969-ல நாகர்கோவில் இடைத்தேர்தல்ல நின்னுதான் எம்.பி. ஆனாரு. இப்பம் காலியான ஆறு மாசத்துக்குள்ள வைக்கணும்னு சட்டம், அது 1996-ல வந்தது. வசந்தகுமார் 2020 ஆகஸ்ட்ல இறந்தப்பம் கொரோனா காலம், ஆறு மாசத்தையும் தாண்டி 2021 ஏப்ரல் 6-ல சட்டசபை எலக்ஷனோட சேத்து வச்சாங்க. சட்டத்துல அதுக்கும் இடம் உண்டு.

கட்சித் தாவல் தடை 1985-ல வந்தது, பத்தாவது அட்டவணை. கட்சிய விட்டு போனா, கொறடா சொன்னதுக்கு மாறா ஓட்டு போட்டா பதவி போகும். முடிவு பண்றது சபாநாயகர், அவரும் ஒரு கட்சி ஆளுதான், அதான் ஃபைல் தூங்கும். 2024 பிப்ரவரியில விஜயதரணி காங்கிரஸ்ல இருந்து பா.ஜ.க.வுக்கு போனாங்க, எம்.எல்.ஏ. பதவிய ராஜினாமாவும் பண்ணாங்க, விளவங்கோட்டுக்கு எம்.பி. எலக்ஷனோட இடைத்தேர்தல் வந்துச்சு, காங்கிரஸ்ல தாரகை கத்பர்ட் ஜெயிச்சாங்க. ரெண்டு பட்டன் ரெண்டு மெஷின்னு அன்னைக்கு வயசானவங்களுக்கு சொல்லிப் புரிய வைக்க நாங்க பட்ட பாடு.

மெஜாரிட்டி இருந்தா சாசனத்தயே மாத்திரலாமா?

மாத்தலாம், இடிக்க முடியாது. திருத்த ரெண்டு சபையிலயும் வந்து ஓட்டு போடுறவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு வேணும், சில விஷயத்துக்கு பாதி மாநிலங்களும் ஒத்துக்கணும். ஆனா காசர்கோடு எடநீர் மடத்துக்க சாமி கேசவானந்த பாரதி போட்ட கேஸ்ல 1973 ஏப்ரல் 24-ல பதிமூணு ஜட்ஜுங்க உக்காந்து ஏழுக்கு ஆறுன்னு சொன்னாங்க, அடிப்படை கட்டமைப்ப மட்டும் தொடக்கூடாதுன்னு. மடத்து நிலத்துக்காக போட்டது அந்த கேஸு.

ரெண்டே வருஷத்துல சோதனை வந்துச்சு. 1975 ஜூன் 12-ல இந்திரா காந்தி ஜெயிச்சது செல்லாதுன்னு அலகாபாத் ஐகோர்ட்டு சொல்ல, எமர்ஜென்சி வந்து, பிரதமருக்க எலக்ஷன கோர்ட்டே கேக்கக்கூடாதுன்னு 39-வது திருத்தம் போட்டாங்க. சுப்ரீம் கோர்ட்டு நவம்பர்ல, அவங்க ஜெயிச்சது செல்லும்னு விட்டுட்டு, ஆனா அந்த பாகம் திருத்தத்துல நிக்காதுன்னு வெட்டிட்டு. நேர்மையான எலக்ஷனும் அடிப்படைதான்னு ஆச்சு.

அதே மாதிரி 356-வது பிரிவு, மாநில ஆட்சிய மத்திய அரசு கலைக்கிற வழி. தி.மு.க. ஆட்சி 1976-ல போச்சு, அ.தி.மு.க. ஆட்சி 1980-ல போச்சு, திரும்ப 1991-ல தி.மு.க. ஆட்சி போச்சு. 1991-ல கவர்னர் பர்னாலா ரிப்போர்ட் குடுக்க மாட்டேன்னுட்டாரு, அப்பிடியும் கலைச்சாங்க. கர்நாடகா முன்னாள் முதல்வர் எஸ்.ஆர்.பொம்மை வழக்குல 1994-ல தீர்ப்பு வந்த பொறவுதான் மெஜாரிட்டிய கவர்னர் மாளிகையில இல்ல, சட்டசபையில எண்ணணும்னு ஆச்சு. ஜெயிச்சவன் எல்லாம் செய்யலாம்னா நேத்து ஜெயிச்சவன் இன்னைக்கு எலக்ஷனே வேண்டாம்னு சொல்லிருவான், அதுக்குத்தான் இந்த வேலி.

எங்க ரோட்டுக்கு யாருகிட்ட கேக்கணும்? எம்.பி.யா, எம்.எல்.ஏ.வா?

ரோட்ட பொறுத்து. காவல்கிணறு – களியக்காவிளை நாலுவழி, மார்த்தாண்டம் பாலம் எல்லாம் தேசிய நெடுஞ்சாலை, எம்.பி.கிட்ட கத்துங்க. மாநில நெடுஞ்சாலைத்துறை ரோடுன்னா எம்.எல்.ஏ.கிட்ட. உங்க வீட்டு முன்னால உள்ள சந்து, தெருவிளக்கு, ஓடைன்னா பஞ்சாயத்து. நம்ம மாவட்டத்துல 95 கிராம ஊராட்சி, ஒன்பது ஒன்றியம், மத்ததெல்லாம் பேரூராட்சி, நகராட்சி, நாகர்கோவில் மாநகராட்சி. கிராமத்துல ஒரு ஆளுக்கு நாலு ஓட்டு, வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றிய கவுன்சிலர், மாவட்ட கவுன்சிலர். முதல் ரெண்டுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது.

அஞ்சு வருஷம் முடியுறதுக்குள்ள அடுத்த எலக்ஷன நடத்தி முடிக்கணும்னு சாசனத்துல 243இ பிரிவு சொல்லுது. நடந்ததா? 2016 அக்டோபர்ல வர வேண்டியது கேஸு அது இதுன்னு கிராமத்துக்கு 2019 டிசம்பர்லதான் வந்துச்சு, டவுனுக்கு 2022 பிப்ரவரியில. கிராமத்துல ஜெயிச்சவங்க காலம் 2025 ஜனவரியில முடிஞ்சு, தனி அலுவலர் வந்து உக்காந்தாரு. எம்.எல்.ஏ. எலக்ஷன ஒரு மாசம் தள்ளினா டிவியில நாலு நாள் விவாதம் ஓடும். பஞ்சாயத்துக்கு மூணு வருஷம் தள்ளினா ஒரு பேச்சு மூச்சு கிடையாது.

காசு வாங்கிட்டா போட்டுத்தான் ஆகணுமா?

குடுக்கிறதும் குத்தம் வாங்குறதும் குத்தம். 2019-ல வேலூர் எம்.பி. எலக்ஷனயே இதுக்காக நிப்பாட்டினாங்க. நீங்க யாருக்கு போட்டீங்கன்னு எவனுக்கும் தெரியாது, மெஷின்ல தெரியும்னு சொல்றவன் புளுகுதான். குருசு மேல சத்தியம், பால்பானை மேல சத்தியம்னு வாங்கிட்டு போறாங்களேன்னா, அதுக்கு நான் பதில் சொல்ல முடியாது.

ஆறு மணிக்கு மேல போனா விடுவாங்களா?

ஆறு மணிக்கு வரிசையில நின்னா கண்டிப்பா விடணும், ராத்திரி எட்டு ஆனாலும். அதுக்கு டோக்கன் குடுப்பாங்க, அதுவும் வரிசைக்க வால்ல இருந்து. கடைசில நிக்கிறவருக்கு நம்பர் ஒண்ணு, அப்பிடியே முன்னால எண்ணிட்டு வருவாங்க. அப்பம்தான் பொறவு வந்தவன் எவனும் பின்னால ஒட்ட முடியாது.

ஒரு தடவை எங்க பூத்துல ஆறு அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது ஒரு பாட்டா குலசேகரம் பஸ்ஸுல இருந்து இறங்கி வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு ஓடி வந்து கடைசில நின்னாரு. டோக்கன் கையில வந்துச்சு, நம்பர் ஒண்ணு. பாத்துட்டு நேரா வரிசைக்கு முன்னால வந்து நின்னுட்டாரு, நான்தான ஒண்ணாம் நம்பருன்னு. இல்ல பாட்டா, நீங்கதான் கடைசின்னு சொல்லி புரிய வைக்கதுக்குள்ள போலீஸ்காரரே சிரிச்சிட்டாரு. ஏழு இருபதுக்கு அவரு அமுக்கின பட்டனுக்க ‘பீ’ சத்தத்தோட அன்னைக்கு மெஷின மூடினாங்க.